சாளைக்கு மரச்சீனி: இது பண்டமாற்றா, கடனா?

#1 மரச்சீனித்தோட்டம்

மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துட்டு இருந்தேன். பணம் வாறதுக்கு முன்னால ஆளுகள் பண்டமாற்றுதான் பண்ணினாங்களாம். ஆடு வச்சிருக்கவனுக்கு அரிசி வேணும், அரிசி வச்சிருக்கவனுக்கு அதே நேரம் ஆடு வேணும். அப்படி ஒருத்தனைத் தேடிப் பிடிக்கது பாடு. அதனால பணம் வந்துச்சு. பாடம் அவ்வளவுதான். கட்டில்ல கிடந்த அம்மை கேட்டுட்டே இருந்தா. "அப்படி யாருடே மாத்துனா? நாங்க மாத்தலியே"ன்னா.

அம்மை சொன்னதை அப்படியே போடுதேன். எங்க வீடு கன்னியாகுமரி மாவட்டத்துல கருங்கல்ங்கிற ஊர் பக்கம். எழுபதுகள்ல கடற்கரையில இருந்து ஒரு மீன்காரி தலையில கடவம் (ஓலைப்பெட்டி) வச்சு நடந்தே வருவாளாம். சாளை, அயிலை, நெத்திலி, சில நாள் வாளை. அம்மை காசு கொடுத்தது அபூர்வம். மீனை வாங்கிக்கிட்டு அடுக்களைச் சுவர்ல கரிக்கட்டையால ஒரு கோடு இழுப்பா. மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) பிடுங்கும்போது மூடு (செடி) கணக்குல கொடுப்பா, தேங்கா வெட்டுனா ரெண்டு தேங்கா. எத்தனை கோட்டுக்கு எத்தனை மூடுன்னு ஒருநாளும் ஒத்துப் பாத்தது கிடையாதாம். ஏன்னு கேட்டேன். "ஒத்துப் பாத்து முடிச்சிட்டா அவ எதுக்கு வாறா?"ன்னா.

அது எனக்குச் சரியா விளங்கல. இது பண்டமாற்றா? கடனா? இதுக்குன்னு வேற பேரு இருக்கா? படிச்சவங்க சொல்லுங்க.

#2 ஆரல்காற்று

அம்மை சொன்னதுதான் சரி. பாடப்புத்தகக் கதை ஆடம் ஸ்மித் 1776-ல எழுதினதுல இருந்து வருது. கசாப்புக்காரன், ரொட்டிக்காரன்னு தன் ஊர்க் கடைத்தெருவைப் பாத்துட்டு, அதுல இருந்து பணத்தை மட்டும் கழிச்சா ஆதிகாலம் கிடைச்சிரும்னு அவர் நினைச்சார். பிறகு மானுடவியல்காரங்க உலகம் பூரா போய்த் தேடினாங்க. பண்டமாற்று இருக்கு. ஆனா அது அந்நியங்களுக்கு நடுவுல, திரும்பப் பாப்பமோ மாட்டமோங்கிற ஆளுகளுக்கு நடுவுல நடக்கிறது. ஒரே ஊர்க்காரன் பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட "இந்தா ஆடு, எடு அரிசி"ன்னு நின்னு, அதை வச்சே சீவிச்ச ஒரு சமூகத்தை யாரும் இதுவரை காட்டல.

உங்க அம்மைக்கு ரொம்பப் பக்கத்துல வாற ஒரு இடம் இருக்கு. நியூகினித் தீவுக்குக் கிழக்கே ட்ரோப்ரியாண்ட் தீவுகள். 1915-க்கும் 1918-க்கும் நடுவுல மானுடவியல்காரர் மலினோவ்ஸ்கி அங்க தங்கி எழுதினார். அங்க உள்நாட்டு ஊர்க்காரனுக்குக் கிழங்கு உண்டு, கடற்கரைக்காரனுக்கு மீன் உண்டு. கிழங்கு அறுத்த உடனே உள்நாட்டுக்காரன் ஒரு சுமையைக் கொண்டுபோய் தனக்குன்னு உள்ள கடற்கரைப் பங்காளி வீட்டு முன்னால வச்சிட்டு வந்துருவான். பேரம் கிடையாது. கிழங்கு வந்து இறங்கிட்டா மீன்காரனுக்குப் பொறுப்பு ஏறிரும், கடல் வாய்க்கும்போது போய்ப் பிடிச்சுத் திருப்பணும். இந்த முறைக்கு 'வாசி'ன்னு பேரு. அந்தக் காலத்துல வெள்ளைக்கார வியாபாரிகள் முத்துக் குளிக்க ஆள் கூப்பிட்டுட்டு இருந்தாங்க, அதுல வருமானம் கூடுதல். இருந்தாலும் கிழங்கு வாங்கினவன் முதல்ல மீனுக்குத்தான் போனான்.

அதே தீவுல பேரமும் உண்டு. அதுக்குத் தனிப் பேரு, 'கிம்வாலி'. கொஞ்சம் கௌரவக் குறைச்சலான வேலை. மூணாவது ஒண்ணு 'கூலா'. சிவப்புச் சிப்பி மாலை தீவு தீவா வலஞ்சுழியாப் போகும், வெள்ளைச் சங்குக் காப்பு இடஞ்சுழியாப் போகும். யாரும் அதை வச்சுக்கிட முடியாது, கொஞ்ச நாள் வச்சிருந்து அடுத்தவனுக்குக் கொடுத்தாகணும். அதுக்காக வள்ளம் கட்டி, உயிரைப் பணயம் வச்சு கடல் தாண்டிப் போனாங்க. மூணுக்கும் மூணு பேரு வச்சு, ஒண்ணை ஒண்ணோட குழப்பாம இருந்திருக்காங்க பாருங்க.

உங்க அம்மை பண்ணினது வாசி. கணக்கை ஒத்துப் பாத்து நேர் பண்ணிட்டா ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணும் மிச்சம் இருக்காது. அவளுக்கு உங்க வீட்டுப் படி ஏற ஒரு காரணமும் இருக்காது. கொஞ்சம் பாக்கி கிடக்கணும். ஒரு நேரம் இந்தப் பக்கம், ஒரு நேரம் அந்தப் பக்கம்.

#3 வேப்பமூடு ஜங்ஷன்

கூலாவுக்கு எதுக்கு ட்ரோப்ரியாண்ட் வரைக்கும் போகணும், நம்ம ஊர்ல சுருள் (கல்யாண மொய்) இருக்குல்லா. எங்க வீட்டுல 1987-ல இருந்து நோட்டு இருக்கு. நமக்கு 51 வச்சவனுக்கு நாம 101, அவன் மகளுக்குக் கல்யாணம் வந்தா 501. எங்க பாட்டா வாங்குன சுருளுக்கு நான் இப்பம் திருப்பி வச்சிட்டு இருக்கேன். மாலையாவது காப்பாவது கொஞ்ச நாள் கழுத்துல கிடக்கும், இது அன்னைக்கே கல்யாணச் செலவுல போயிருது. ஒரு வித்தியாசம், இங்க எல்லாம் ஒரே திசையிலதான் சுத்துது. என்கிட்ட இருந்து வெளியே.

#4 கடவம்

நான் அந்தப் பக்கத்துல இருந்து வாறேன். எங்க அம்மாச்சி கடவம் சுமந்தவ. குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர், பேரு வேண்டாம்.

அவளுக்குன்னு வீடுகள் இருந்தது உண்மை. பதிமூணு வீடு. "எனக்க வீடு"ன்னுதான் சொல்லுவா. அந்த வீட்டுல வேற ஒருத்தி போய் மீன் கொடுத்தா கரையில பெரிய சண்டை வரும், தலைமுடியைப் பிடிச்ச சண்டை. பேரம் இல்லைன்னு சொல்லாதீங்க. வாயால பேரம் நடக்கும், "காணாது மக்களே, இன்னும் ரெண்டு மூடு போடு"ன்னு நின்னு வாங்குவா. ஆனா அடுத்த நாளும் அதே வீட்டுக்குத்தான் போவா.

ஆனி ஆடியில கடல் பொங்குனா கட்டுமரம் இறங்காது. ரெண்டு மாசம். கரையில அடுப்பு எரியாத காலம் அது. அப்பம் அம்மாச்சி வெறுங் கடவத்தோட அந்தப் பதிமூணு வீட்டுக்கும் போவா. மீன் இல்லன்னு அவங்களுக்கும் தெரியும். மரச்சீனியோ, சக்கையோ (பலா), தேங்காயோ போட்டு விடுவாங்க. அதை நம்பித்தான் எங்க அம்மையும் மாமாமாரும் வளந்தாங்க. இதை நான் மறக்க மாட்டேன்.

இன்னொண்ணும் மறக்க மாட்டேன். அந்தப் பதிமூணு வீட்டுல எத்தனையில திண்ணையில உக்காந்திருப்பான்னு நினைக்கீங்க? ஒண்ணுலயும் இல்ல. முற்றத்துல நிப்பா. கடவத்தை இறக்கி வச்சிட்டு நாலு அடி தள்ளி நிக்கணும், கிழங்கை மேல இருந்து போடுவாங்க. கை படக் கூடாது. ஆனா அவ தொட்டு அரிஞ்ச மீனைக் கழுவித் தின்னாங்க. ஆரல்காற்று அண்ணன் எழுதினது நல்லா இருக்கு, அந்தத் தீவுல பங்காளி பங்காளியைப் பாத்து எங்க நின்னாம்னு அந்த மலினோவ்ஸ்கி எழுதியிருக்காரா?

#5 ஆரல்காற்று

அக்கா, நீங்க கேட்டது ஞாயமான கேள்வி. அங்கயும் ஊருக்கு ஊர், குலத்துக்குக் குலம் உயர்வு தாழ்வு உண்டு, அதை அவர் எழுதியிருக்கார். வாசிங்கிற பேரு முறையைச் சொல்லுது, முற்றத்துல நின்னவளை அது சொல்லல. ஒத்துக்கிடுதேன்.

#6 நாஞ்சில்மரக்கால்

கடற்கரைக் கதை அப்படி இருக்கலாம். நாஞ்சில் நாட்டுல அந்தக் காலத்துல எல்லாருக்கும் பங்கு இருந்தது. கன்னிப்பூவும் கும்பப்பூவும் அறுத்துக் களத்துல போட்டா கொல்லன், தச்சன், வண்ணான், நாவிதன், காவல்காரன், எல்லாருக்கும் அவனவன் பங்கு நெல்லை அளந்து போட்ட பிறகுதான் மிச்சம் வீட்டுக்குப் போகும். அதுக்குச் சுதந்திரம்னே பேரு. ஒருத்தரும் பட்டினி கிடந்ததில்ல. திருவிதாங்கூரோட நெற்களஞ்சியம் சும்மாவா? பேச்சிப்பாறை அணை 1906-ல முடிஞ்ச பிறகு கேக்கவே வேண்டாம். இன்னைக்கு அந்த வயலை நிரத்தி வீடு வச்சிட்டு ரேஷன் அரிசிக்குக் கியூவில நிக்கோம்.

#7 பனங்காடு

ஒருத்தரும் பட்டினி கிடந்ததில்லையா? யாரைக் கேட்டு எழுதுனீரு வோய்?

நெல்லு அளக்கது மரக்கால். 21 மரக்கால் ஒரு கோட்டை. எங்க பாட்டா களத்துல நின்ன ஆளு. அவரு சொன்னதைச் சொல்லுதேன். பாட்டத்துக்கு (குத்தகை நெல்லுக்கு) வாங்கும்போது கும்பி, அதாவது மேல குவிச்சு, அளப்பாங்க, கூலிக்குப் போடும்போது தலை வழிச்சு அளப்பாங்க. மரக்கால் ஒண்ணுதான், பிடிச்ச கையும் ஒண்ணுதான். கும்பிக்கும் தலைவழிச்சலுக்கும் நடுவுல போன நெல்லு யாரு வீட்டுப் பத்தாயத்துல விழுந்துதுன்னு உமக்கே தெரியும். சுதந்திரம்னு பேரு வச்சிட்டா போதுமா? அந்தக் கொல்லன் இந்த ஊர் வேண்டாம்னு அடுத்த ஊருக்குப் போயிர முடியுமா? அவன் மகன் வேற வேலைக்குப் போக முடியுமா? இதே நாட்டுல பொம்பளைகள் மாரை மறைக்கத் தோள்சீலை போடப் போராட வேண்டி வந்து, 1859-லதான் அதுக்கு உத்தரவு கிடைச்சது. களத்துல மட்டும் சமதர்மம் நடந்துதாக்கும்.

பனைக்கு வாங்க. பனை உடையவனுக்கு ஒரு நாள் அக்கானி (பதநீர்), ஏறுறவனுக்கு ஒரு நாள். கேக்க எவ்வளவு நேர்த்தி. நாளைப் பாதியாப் பகுத்திருக்கு. ஆனா அவன் நாளுலயும் ஏறுறது இவன்தான். காலையிலயும் சாயங்காலமும், நாப்பது அம்பது பனை, நெஞ்சு தேய. காய்ச்சுறது இவன் பெண்டாட்டி, விறகும் சருவும் அவ பொறுக்கினது. சீசனுக்கு முன்னால முன்பணம் வாங்கியிருப்பான், அதனால காய்ச்சின கருப்பட்டி கொடுத்தவனுக்கே போகணும், அவன் சொன்ன விலைக்கு. சிரட்டையில ஊத்தின கருப்பட்டி ஆறுறதுக்குள்ள கணக்கு முடிஞ்சிரும். இதுலயும் பாக்கி கிடந்துது, ஆரல்காற்று சொன்ன மாதிரியே. ஆனா எப்பவும் ஒரே பக்கம்தான் கிடந்துது.

#8 நாஞ்சில்மரக்கால்

எங்க வீட்டுல கும்பி அளந்ததா எனக்கு நினைவில்ல. ஆனா அளந்தது யாருன்னு கேட்டா, காரியஸ்தன். நான் சின்னப் பையன், பக்கத்துல போனதில்ல. அதுக்கு மேல சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல.

#9 ஆரல்காற்று

பொருளாதார வரலாறு எழுதின கார்ல் போலானி 1957-ல மூணு வழியைச் சொன்னார். முறைக்கு முறை கொடுக்கது, அது வாசியும் சுருளும். ஒரு நடுவிடத்துல குவிச்சு அங்கேருந்து பகுக்கது, அது களமும் கோயிலும் அரண்மனையும். மூணாவது சந்தை. எந்த நாட்டுலயும் மூணும் கலந்துதான் இருக்கும், எது தூக்கலா இருக்குங்கிறதுதான் வித்தியாசம்.

ரெண்டாவது வழியில உச்சிக்குப் போனவங்க தென் அமெரிக்காவுல ஆண்டிஸ் மலையை ஆண்ட இன்காக்கள். 1532-ல ஸ்பெயின்காரன் வந்து இறங்கும்போது அது கோடிக்குக் கிட்டத்துல சனம் உள்ள ராஜ்யம்னு சொல்லுவாங்க, நாணயம் கிடையாது. வரி தானியமா இல்ல, உழைப்பா. முறை வச்சு அரசு வயல்லயும் சாலையிலயும் வேலை செய்யணும், 'மீட்டா'ன்னு பேரு. விளைஞ்சது சாலையோரப் பண்டகசாலைகள்ல போகும், கணக்கு கயித்து முடிச்சுல. பஞ்சம் வந்தா அங்கேருந்து எடுத்துக் கொடுப்பாங்க, படை போனாலும் அங்கேருந்துதான் சாப்பாடு.

அதைவிட எனக்குப் பிடிச்சது அவங்க மலையை ஆண்ட விதம். மானுடவியல்காரர் ஜான் முர்ரா 1972-ல எழுதினது. மேல லாமா மேய்ச்சல், அதுக்குக் கீழ உருளைக்கிழங்கு, இன்னும் கீழ சோளம், அடிவாரத்துல பருத்தியும் மிளகாயும். ஒரே கூட்டத்தார் ஒவ்வொரு மட்டத்துலயும் தங்களுக்குள்ள சிலரைக் குடி வச்சிருந்தாங்க. மேட்டு ஆளுக்குச் சோளம் வேணும்னா அடுத்த சாதிக்காரன்கிட்ட வாங்க வேண்டாம், கீழ இருக்க சொந்தக்காரன் அனுப்புவான்.

இதைப் படிச்சப்போ நம்ம மாவட்டம்தான் கண்ணுல வந்தது. கீரிப்பாறையில நின்னா காடு, இறங்குனா ரப்பர், கிராம்பு, அப்புறம் வயல், தென்னை, கடல். அம்பது கிலோமீட்டருக்குள்ள எல்லாம் முடிஞ்சிருது. அதே அடுக்குதான். நாம அடுக்குக்கு ஒரு சாதின்னு குடி வச்சோம், அவங்க ஒரே கூட்டத்தை எல்லா அடுக்குலயும் வச்சாங்க. மண்ணு ஒரே மாதிரி இருந்தாலும் பகுக்க முறை தன்னால வந்துராது போல.

#10 வேப்பமூடு ஜங்ஷன்

எனக்கு மாமியார் வீடு பேச்சிப்பாறை, அக்காளைக் கொடுத்தது முட்டம் போற வழியில, நான் கோட்டாறு. இன்காதான் நான்.

#11 பால்வெட்டு

மூணாவது வழியைப் பத்தி யாரும் பேசல, நான் பேசுதேன். எனக்குக் குலசேகரம் பக்கம் ஒரு ஏக்கர் ரப்பர். ராத்திரி மூணு மணிக்குத் தலையில லைட் கட்டி வெட்டப் போவேன். வெட்டி, சிரட்டையில பால் எடுத்து (பனங்காடு கருப்பட்டிக்கு ஊத்தின அதே சிரட்டைதான், இப்பம் பிளாஸ்டிக் கப்பும் வந்துட்டு), ஆசிட் விட்டு உறையவச்சு, ரோலர்ல போட்டு ஷீட் அடிச்சு, வெயில்லயும் புகைப்புரையிலயும் காயவச்சு கடைக்குக் கொண்டு போவேன்.

எங்க ஷீட்டுக்குக் கும்பி அளக்க யாரும் இல்ல. முற்றத்துல நிக்கவும் வேண்டாம். கடைக்காரன் எனக்கு என்ன சாதின்னு கேக்க மாட்டான். ஷீட்டை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுக் குமிழ் இருக்கா, கறுப்பு இருக்கான்னு பாப்பான், அவ்வளவுதான். பனங்காடு சொன்னதுக்கு அந்த அளவுல இது மேலு. கோட்டயத்துல ரப்பர் போர்டு அன்னன்னைக்கு விலை போடுது, போன்லயே பாத்துக்கிடலாம்.

ஆனா அந்த விலையை உண்டாக்குனது யாருன்னு எனக்குத் தெரியாது. 2011-ல கிலோ 240 வரைக்கும் போச்சு. ஆளுகள் வயலை நிரத்தி ரப்பர் வச்சாங்க, வீடு கட்டத் தொடங்குனாங்க. 2016 தொடக்கத்துல நூறுக்கும் கீழ. பாதி கட்டுன வீடுகள் இன்னும் அருமனை ரோட்டுல நிக்குது. சீனாவுல காரு விக்கலையா, பெட்ரோல் விலை இறங்கி செயற்கை ரப்பர் மலிஞ்சுதா, தாய்லாந்துல மழையா, எதுக்கோ ஒண்ணுக்கு இங்க என் வெட்டுக்கத்தியைக் கழுவி உத்தரத்துல சொருகி வச்சேன். மரக்கால் பிடிச்ச கையை பனங்காட்டுக்க பாட்டாவுக்குத் தெரியும், ராத்திரி சாராயத்தைக் குடிச்சிட்டு அவன் வாசல்ல போய் நின்னு ரெண்டு வார்த்தை ஏசியாவது இருப்பாரு. நான் யாரு வாசலுக்குப் போக?

மழைக் காலத்துல வெட்டு இல்ல. அப்பம் கடைக்காரன்தான் முன்பணம் கொடுப்பான். பிறகு ஒட்டுப்பாலுக்கு (மரத்துலயும் சிரட்டையிலயும் ஒட்டி உறைஞ்ச பாலுக்கு) ஈரம் கூடுதல்னு கிலோவுக்கு இவ்வளவுன்னு கழிப்பான், நான் வாயைத் திறக்க மாட்டேன். அதனால சந்தையில எல்லாம் ரொக்கத்துக்கு ரொக்கம்னு நினைச்சிராதீங்க.

#12 வள்ளம்

கடைசியில சொன்னீங்களே, அதான் கடற்கரையிலயும் கதை.

எங்க தொழில்ல கூலி கிடையாது, பங்குதான். வித்த காசுல முதல்ல எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்போம். மிச்சத்துல வள்ளத்துக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் ஒரு பாகம், போன ஆளுகளுக்கு ஒரு பாகம். ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் கணக்கு மாறும். அதுக்கு முன்னால ஆளுக்குக் கொஞ்சம் கறிக்கு எடுத்துக்கிடுவோம், அது கணக்குல வராது. கோயிலுக்கும் பங்கு உண்டு, முன்னால அதைக் குத்தகைன்னு ஏலம் விடுவாங்க. கரையில மீன் இறங்கும்போது விதவைகள், வயசானவங்க, பிள்ளைகள் வந்து நிப்பாங்க. நாலு மீன் போடாம போனா அடுத்த நாள் வலை காலியா வரும்னு எங்க அப்பா சொல்லுவாரு. இதை எந்தப் பேருல போடுவீங்க ஆரல்காற்று சார், முறையா, பகுப்பா? எனக்குப் பயம்னுதான் தோணுது.

இனி ஏலம். வள்ளம் கரையில தட்டும் முன்னாலயே யாரு ஏலம் கூறணும்னு முடிவாயிருக்கும். வலை வாங்கக் கடன் கொடுத்தவன்தான் கூறுவான், அவன் ஆளுக்குத்தான் சீக்கிரம் விழும். கூட்டமா நாலு பேரு நின்னு சத்தம் போடுறதைப் பாத்தா போட்டி மாதிரி இருக்கும். நாலு பேரும் முந்தின நாளே பேசியிருப்பாங்க. அதை உடைக்கத்தான் ஊர் ஊரா சங்கம் வச்சது, 1980-ல தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் வந்தது. சங்கமே ஏலம் கூறும், வித்ததுல இருந்து கடனுக்கும் சேமிப்புக்கும் கொஞ்சம் பிடிச்சிக்கிட்டு மிச்சத்தை எண்ணித் தரும். எங்க ஊர்ல எங்க அப்பாவுக்கு முதல் தடவையா வெளி வியாபாரி வந்து கூப்பிட்ட விலை கிடைச்சது அப்பம்தான். ஏலம் அதே ஏலம், நின்ன மணலும் அதே மணல். கூறுன வாய் மாறிச்சு, விலை மாறிச்சு.

பிறகு நடந்ததையும் சொல்லணும்லா. சங்கம் இருக்கும்போதே பெரிய போட்டுக்கு லட்சக்கணக்குல முன்பணம் தாறோம்னு ஏற்றுமதிக்காரன் ஆளுகள் வந்தாங்க. சங்கத்துல அவ்வளவு கடன் கிடையாது. எங்க சித்தப்பா அந்தப் பக்கம் போனாரு. இன்னும் அந்தப் பக்கம்தான்.

#13 கடவம்

பயம்னு சொன்னியே தம்பி, அது உண்மை. அம்மாச்சிக்கும் அந்தப் பயம் உண்டு. கடைசியா யாருக்காவது நாலு சாளை சும்மா போட்டுட்டுத்தான் கடவத்தைக் கழுவுவா. எங்க வீட்டுல இல்லாத அன்னைக்கும்.

இன்னொண்ணு. ரேஷன் அரிசியை நாஞ்சில்மரக்கால் சார் சடைஞ்சாரு. எங்களுக்கு அது பெரிய காரியம். கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்கு மீன்பிடித் தடை, எங்க மேற்குக் கரைக்கு ஜூன், ஜூலை. அந்த ரெண்டு மாசமும் எங்க அம்மை ஒரு வீட்டு முற்றத்துலயும் போய் நிக்கல. 2011-ல இருந்து அரிசிக்குக் காசும் இல்ல. கியூவில நிக்கணும், சரிதான். அந்தக் கியூவில எல்லாரும் நிக்காங்கல்லா.

#14 நாஞ்சில்மரக்கால்

அந்தக் கியூ வேற, நான் சொன்ன கியூ வேற. ஆனா நீங்க சொன்னது எனக்குத் தோணல. எழுதினதை எடுக்கணும்னா எடுக்கேன்.

#15 கடவம்

கிடக்கட்டும் சார், எடுக்க வேண்டாம்.

#16 பனங்காடு

பாட்டாவுக்க கதையைச் சொல்லிச் சொல்லி ராத்திரி பன்னெண்டு ஆயிட்டு. திரி தொடங்கினவரே, மகள் பரீட்சைக்கு என்ன எழுதப் போறா? பண்டமாற்றுன்னே எழுதச் சொல்லும். வாசி, கிம்வாலின்னு எழுதினா திருத்துறவன் ரெண்டு மார்க்கைக் குறைச்சிருவான்.

#17 ஆரல்காற்று

அதுல எனக்கும் மாற்றுக் கருத்து இல்ல. போனா போகட்டும், ஒரு தகவல்: அம்மை கொடுத்த மரச்சீனியும் தென் அமெரிக்கச் சரக்குதான். திருவிதாங்கூர்ல அதை ஊர் ஊராப் பரப்பினவர்னு 1880-ல இருந்து 1885 வரைக்கும் ஆண்ட விசாகம் திருநாளைச் சொல்லுவாங்க. அரிசிப் பஞ்சத்துக்கு மாத்தா வந்த கிழங்கு.

#18 மரச்சீனித்தோட்டம்

எல்லாருக்கும் நன்றி. மகள் பாடத்துல உள்ளபடியே எழுதி முடிச்சிட்டா. நேத்து இந்தத் திரி பூராவும் அம்மைக்கு வாசிச்சுக் காட்டினேன். கடவம் அக்கா எழுதின முற்றத்துக் காரியம் வந்தப்போ ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு, "நாங்களும் மேல இருந்துதான் போட்டோம்"ன்னா. பிறகு சுவரைப் பாத்துத் திரும்பிக் கிடந்துக்கிட்டா.

இன்னைக்குக் காலையில நடந்ததைச் சொல்லி விடுதேன். இப்பம் எங்க தெருவுக்கு வாற மீன்காரி அக்கா ஸ்கூட்டர்ல வாறா, பின்னால ஐஸ் பெட்டி, ஹேண்டில்ல பணம் அனுப்புற கியூஆர் அட்டை தொங்கும். சாளை வாங்கிட்டு போன்ல காசு அனுப்பினேன். அம்மை வாக்கரைப் பிடிச்சுட்டு வாசல் வரைக்கும் வந்து, ரெண்டு மூடு மரச்சீனி பிடுங்கிக் கொடுன்னு என்னை ஏவினா. கொண்டு வந்ததும் பெட்டி மேல வைக்க விடல. அக்காளைத் திண்ணையில உக்காரச் சொல்லி, தன் கையால அவ கையில கொடுத்தா. எவ்வளவுன்னு அவ கேக்கவும் இல்ல, நாங்க சொல்லவும் இல்ல. போகும்போது, "வெள்ளிக்கிழமை நெத்திலிக் கருவாடு கொண்டு வாறேன் அம்மா"ன்னு சொல்லிட்டு வண்டியைக் கிளப்பினா.